கீழிமை

விடுதிக்காரி நில்டா முதல் நாளே
சுட்டுவிரலால் கீழிமையை இழுத்துக் காட்டினாள்.
எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப்
பூச்சாண்டி காட்டுவது அப்படித்தான்.
நானும் பதிலுக்கு இழுத்துக் காட்டினேன்.
அவள் சிரிக்கவில்லை.

வால்பராய்ஸோவில் அதற்குக்
கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று பொருளாம்.
மீன்சந்தையில் கத்தியும் கையுமாய் நின்றவர்
என் கழுத்துக் கேமராவைப் பார்த்துவிட்டு
செதில் ஒட்டிய விரலால் இமையை இழுத்தார்.
பேருந்து ஓட்டுநர் சில்லறை தந்த கையோடு இழுத்தார்.
பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி,
ஐஸ்கிரீம் முழங்கைக்கு ஒழுக ஒழுக.
பொழுது சாய்வதற்குள்
ஊருக்கே கண்வலி வந்தாற்போல் இருந்தது.

கேட்டுத்தான் நடந்தேன், நம்புங்கள்.
பாஸ்போர்ட்டை அலமாரியில் பூட்டினேன்.
பணத்தில் பாதி பையில், பாதி காலுறைக்குள்.
காலுறைப் பணம் அரைமணியில் ஈரமாகி
அடிக்கு அடி முணுமுணுத்தது.
வரைபடத்தைத் தெருவில் விரிக்காமல்
மருந்துக்கடைக்குள் நுழைந்து
இருமல் மருந்து தேடுகிறவள்போல் பார்த்தேன்.
வழி தெரியாதவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்பது
எல்லாருக்கும் தெரியும்,
அதனால் வேகமாக நடந்தேன்.
வேகமாகவே ஒரே பூட்டுக்கடையை மூன்று முறை கடந்தேன்.
மூன்றாம் முறை கடைக்காரர் எழுந்து
வணக்கம் வைத்தார்.

குன்றேறும் படிக்கட்டில் ஒரு நாய் சேர்ந்துகொண்டது.
மண்ணிறம், மடிந்த ஒற்றைக் காது,
குளிருக்கு யாரோ மாட்டிவிட்ட கால்பந்துச் சட்டை, எண் ஏழு.
எனக்கு நாய் என்றால் பயம்.
அது தெரியாததுபோல் இரண்டு படி முன்னால் போனது.

மஞ்சள் வீடு, நீல வீடு, தகரம் அடித்த வீடு.
சுவரெல்லாம் ஓவியம்.
ஒரு திமிங்கலத்தின் வயிற்றில் நிஜ ஜன்னல் இருந்தது,
ஜன்னலில் நிஜமாகவே துணி காய்ந்தது.
வால் முழுதாகப் படத்தில் வரவேண்டும்.
இன்னும் நாலு படி.
இன்னும் இரண்டு.

நாய் நின்றுவிட்டது.

அங்கேதான் சாயமும் நின்றிருந்தது.
அதற்கு மேலே வெறும் சிமெண்ட்,
விளக்கில்லாத விளக்குக் கம்பம்,
யாரோ அறுத்துக்கொண்டு போன கைப்பிடிக் கம்பியின்
அடிக்கட்டைகள்.

திமிங்கலத்தின் வயிறு திறந்தது.
ஒருத்தி, முழங்கை வரை மாவு,
போகாதே என்றாள். அது கையிலேயே புரிந்தது.
பிறகு ஒரு சொல் சொன்னாள்.
ஈஹா என்றால் மகள்.
ஈஹோ என்றால் மகன்.
கடற்காற்று கடைசி எழுத்தைக் கொண்டுபோய்விட்டது.
மேலே போகாதே, மகளே என்றாளா,
மேலே போகாதே, என் மகன் என்றாளா.

இறங்கி வந்தாள்.
கேட்காமலே என் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி
பச்சைக் கோடு போட்ட பையில்
சூடான ரொட்டிகளுக்கு அடியில் போட்டாள்.
சந்தைக்குப் போகும் இரண்டு பெண்களைப்போல்
படியிறங்கினோம்.
அவள் இமையை இழுத்துக் காட்டவில்லை.
ஒரே ஒருமுறை திரும்பி
மேலே பார்த்தாள்.
சரிவு லிஃப்டின் மரக்கதவருகே
கேமராவைத் தந்தாள், ஒரு ரொட்டியும்.
நான் பெயர் கேட்டேன்.
எடெல்மிரா என்று சொன்னது லிஃப்ட் சத்தத்தில் பாதி கேட்டது.
நாய் அவளோடு போய்விட்டது.

இரவில் மாவைத் துடைத்துவிட்டுப் படங்களைப் பார்த்தேன்.
திமிங்கலம் நன்றாகத்தான் வந்திருக்கிறது.
படத்தின் மேல் விளிம்பில், சாயமில்லாத படியில்,
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.
முகம் இல்லை. முழங்கால்கள் மட்டும்.
முழங்கால்மேல் ஒரு பை,
பச்சைக் கோடு.

நில்டாவிடம் காட்டினேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
நெடுநேரம் பார்த்தாள்.
வால் விட்டுப்போய்விட்டதே என்றாள்.